அனைவரும் வருக

பங்குனி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் தினமும் இரவு ஏதாவது ஓர் ஊரில் கூத்து நடந்துகொண்டிருக்கும். ஆடி வரைக்கும் இப்படித்தான். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர் என்றால் ஒரே இரவோடு முடியாது. கொடியேற்றி, பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாட்கணக்கில் போகும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான பனைமரக் கம்பத்தில் ஏறுவார். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் திறந்தவெளியில் மல்லாந்து கிடப்பான். படுகளம் முடிந்தால் சாயங்காலம் தீமிதி. இவ்வளவு பெரிய விஷயம், இன்றைக்கு எந்த ஊரில் என்று சென்னையில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது. யூடியூபில் போன வருடக் கூத்து விடிய விடியக் கிடைக்கும். இந்த வாரக் கூத்து கிடைக்காது.

அதற்கு ஒரு தளம் செய்யலாம் என்று நானும் கல்லூரி நண்பனும் ஆரம்பித்தோம். இருவருக்கும் சொந்த ஊர் செய்யாறு பக்கம். இருவருக்கும் பிழைப்பு சென்னையில், ஐடி. சனி ஞாயிறு மட்டும்தான் நேரம் என்பதால் நிரல் எழுதும் வேலையில் பெரும்பகுதியை ஏஐ உதவியாளரிடம் கொடுத்தோம். என்ன வேண்டும் என்று நாங்கள் சொல்வோம், அது எழுதும், நாங்கள் படித்துப் பார்த்துச் சேர்ப்போம்.

முதல் இரண்டு மாதம் கொண்டாட்டம்தான். திருவிழாவுக்கு அடிக்கும் நோட்டீஸ்தான் எங்கள் மூலப்பொருள். மஞ்சள் அல்லது ரோஸ் தாள். மேலே அம்மன் படம். “நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் சித்திரை மாதம் 12ஆம் நாள்” என்று தொடங்கும். கீழே நாடக சபையின் பெயர், உபயதாரர்கள், விழாக்குழு. அதை போனில் படம் எடுத்து ஏற்றினால் ஏஐ எழுத்துகளைப் படித்து, 2025 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை என்று மாற்றி, எந்தக் கோயில், எந்த சபை, என்ன கதை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடும். ‘கொடியேற்றம்’ என்று தேடினால் சில நோட்டீஸ்கள் மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். யூனிகோடில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நிரலை அதுவே எழுதித் தந்தது.

நள்ளிரவுதான் எனக்குப் பிடித்த சிக்கல். வெள்ளி இரவு பத்து மணிக்கு மேல் கட்டியங்காரன் வருவான். துச்சாதனன் புடவையைத் தொடும்போது மணி இரண்டோ மூன்றோ ஆகியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அதுவும் வெள்ளிக்கிழமைக் கூத்துதான். கணினிக்குப் பன்னிரண்டு அடித்தால் சனி. ‘இன்று’ என்று தேடினால், நடந்துகொண்டிருக்கும் கூத்து பட்டியலிலிருந்து மறைந்துவிடும். எங்கள் தளத்தில் நாள் காலை ஆறு மணிக்குத்தான் பிறக்கும் என்று ஏஐயிடம் சொன்னேன். சில நிமிடங்களில் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டது.

பிறகு ஊர்ப்பெயர்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். ஒரே ஊருக்கு வரைபடத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பேருந்துப் பலகையில் இன்னொன்று. மேல், கீழ் என்று முன்னொட்டு போட்ட ஊர்கள் வேறு. வருவாய்க் கிராமப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்றது ஏஐ. ஒரு கிராமத்துக்கு ஓர் எண். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. வரைபடத்தில் ஓர் எண்ணுக்கு ஒரு புள்ளி.

சோதித்துப் பார்க்க நண்பன் தன் ஊர்ப் பெயரை அடித்தான். புள்ளி வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சி, இது ஊரு. எங்க வீடு இங்க இல்ல.”

விரலால் வரைபடத்தை நகர்த்தினான். வயல்களைத் தாண்டி, தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நெருக்கமாகக் கொஞ்சம் கூரைகள். “இதுதான் நாங்க.” அங்கே பெயர் எதுவும் போட்டிருக்கவில்லை.

வட மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிராமம் என்றால் ஊர் ஒன்று, காலனி ஒன்று. வருவாய்த் துறைக்கு இரண்டும் சேர்ந்து ஒரே கிராமம், ஒரே எண். காலனியிலும் மாரியம்மன் உண்டு, திருவிழா உண்டு, நோட்டீஸ் அடித்துக் கூத்து வைப்பதும் உண்டு. எங்கள் அட்டவணைப்படி அந்தக் கூத்தும் ஊர்க் கோயில் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ஊர்ப்பக்கத்துப் பையன். என் வீட்டிலிருந்து புள்ளி ஐம்பதடி தள்ளி இருந்தது.

புள்ளிகளைப் பிரிப்பது அரை நாள் வேலை. அடுத்து வந்ததுதான் கஷ்டம்.

இப்படிப்பட்ட தளங்களில் வழக்கமாக இருக்கும் என்று ஏஐ தானாகவே சில கட்டங்களைச் சேர்த்திருந்தது. கட்டணம் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா, கழிப்பறை உண்டா, அனைவருக்கும் அனுமதி உண்டா. கடைசிக் கட்டத்தில் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ‘ஆம்’ என்று விழும். ஒவ்வொரு நிகழ்ச்சியின் கீழும் அழகான தமிழில் இரண்டு வரி முன்னுரையும் எழுதியிருந்தது. எல்லா முன்னுரையும் “அனைவரும் வருக” என்றுதான் முடிந்தது.

“யார்றா எழுதுனது இத?” என்றான் நண்பன்.

“நோட்டீஸ்லயே இருக்கே. பக்தகோடிகள் அனைவரும் வருகன்னு.”

“நோட்டீஸ்ல எப்பவும்தான் இருக்கு.”

ஏஐயிடமே கேட்டேன். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1947இன் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டப்படி இந்துக் கோயில்களில் எல்லாச் சாதி இந்துக்களும் நுழையலாம். ஆகவே ‘ஆம்’ என்பதே பொருத்தமான இயல்பு மதிப்பு என்று நிதானமாக விளக்கியது. அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு வருவாய்த் துறை சீல் வைத்தது. தலித் மக்கள் உள்ளே வருவதில் தகராறு. சட்டம் வந்து 76 வருடம் ஆகியிருந்தது. கோயிலை மறுபடி திறக்க அடுத்த வருடம் உயர் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

நாங்கள் பேசிய கூத்து வாத்தியார் ஒருவர் இதையே வேறு மாதிரி சொன்னார். “தம்பி, எங்களத் தேடி மூணு பேரு வருவான். தாம்பூலம் வச்சி நாள் குறிக்க வர்றவன், படம் புடிக்க வர்றவன், ஆராய்ச்சி பண்றவன். கூத்து பாக்குறவன் தேடிக்கினு வரமாட்டான். எங்க வரணும்னு அவனுக்குத் தெரியும். எங்க வரக்கூடாதுன்னும் தெரியும்.” தகவல் பரவாததுதான் பிரச்சினை, பரப்பிவிட்டால் ஆட்கள் வருவார்கள் என்பது இந்த மாதிரித் தளங்களின் அடிப்படை நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் அந்தத் தகவல் ஏற்கனவே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. எழுத்தில்தான் இல்லை.

அப்படியென்றால் எழுதிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. ஏஐயும் உற்சாகமாக ஒரு வடிவம் கொடுத்தது. போய்வந்தவர்கள் பெயர் சொல்லாமல் ‘வரவேற்பு மதிப்பெண்’ போடலாம். ஐந்து நட்சத்திரம். குறைவான ஊர்களுக்குச் சிவப்புப் புள்ளி.

நண்பன் கோபப்படவில்லை. கணக்கு சொன்னான். “நாளைக்கு அந்த ஊர்க்காரன் எவனாவது இதப் பாப்பான். யாரு போட்டதுன்னு கேப்பான். எங்க காலனில கம்ப்யூட்டர் படிச்சவன் எத்தன பேரு? பேரு போடலன்னா கண்டுபுடிக்க மாட்டாங்களா? நேரா எங்கப்பாகிட்டதான் வருவாங்க. நீ சைட்ட மூடிட்டுப் போயிடலாம். அவரு எங்க போவாரு?”

‘ஆம்’ என்று போட்டால் பொய். ‘இல்லை’ என்று போட்டால் அதன் விலையை அங்கே குடியிருப்பவர்கள் கொடுக்க வேண்டும். கட்டத்தையே எடுத்துவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நண்பனைப் போன்றவர்கள் அங்கே போய் நின்றபிறகு தெரிந்துகொள்வார்கள். மூன்று வாரம் இதையே பேசினோம். கூத்து சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது.

தரவுத்தளத்தில் ‘நல்’ என்று ஒரு மதிப்பு உண்டு. அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை; தெரியாது என்று அர்த்தம். ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமமா என்று எஸ்க்யூஎல்லில் கேட்டால் அதற்கும் தெரியாது என்றுதான் பதில் வரும். கல்லூரியில் படிக்கும்போது இது ஒரு தொந்தரவாகத்தான் பட்டது. கடைசியில் அதைத்தான் எடுத்துக்கொண்டோம். கட்டம் இருக்கும், காலியாக இருக்கும். பக்கத்தில் “இதைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை” என்று வரும். நோட்டீஸில் இருக்கும் அழைப்பு, ‘நோட்டீஸ் சொல்வது’ என்று தனியாகத் தெரியும். போய்வந்தவர்கள் அங்கே எதுவும் எழுத வேண்டாம். ‘கேட்டால் சொல்வேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எந்த ஊரைப் பற்றி யார் அழுத்தினார்கள் என்று தளத்தில் காட்டமாட்டோம். யாராவது கேட்டால் நாங்கள் முதலில் சொல்கிறவரிடம் விசாரித்து, அவர் சரி என்றால் மட்டும் பேசவைப்போம். இது பெரிதாக வளரக்கூடிய ஏற்பாடு இல்லை என்று ஏஐ எச்சரித்தது. உண்மைதான்.

ஆனாலும் காலிக் கட்டம் அதற்கு ஆகவில்லை. வேறு எதையாவது திருத்தச் சொன்னால், போகிறபோக்கில் அங்கே மறுபடி ‘ஆம்’ வைத்துவிடும், அல்லது வைக்கட்டுமா என்று கேட்கும். இணையத்தில் அது படித்திருக்கும் நிகழ்ச்சிப் பக்கங்களில் பெரும்பாலானவை எல்லோரையும் வரவேற்பவையாகத்தான் இருந்திருக்கும். ஏஐ ஒவ்வொரு முறையும் முதலில் படிக்கும் குறிப்புக் கோப்பில் நண்பன் ஒரு வரி சேர்த்தான்: “இந்தக் கட்டத்தை நீ நிரப்பாதே. போனவர்கள் இருக்கிறார்கள்.” அதற்குப் பிறகு அது தொடவில்லை.

சீசன் ஆரம்பித்தபோது 140 சொச்சம் நோட்டீஸ் ஏறியிருந்தது. அதில் காலனிக் கூத்துகள் 31, எல்லாம் தங்கள் சொந்தப் புள்ளியில். முதல் அழைப்பு இரண்டாவது வாரம் வந்தது. தாம்பரத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், பாட்டியின் ஊருக்குப் பக்கத்து ஊரில் தபசுக் கூத்தாம், போகலாமா என்று கேட்டார். அந்த ஊரைப் பற்றிப் பொத்தானை அழுத்தியிருந்தது நண்பன்தான். இருபது நிமிடம் பேசினான். பாட்டி எந்தப் பக்கம் என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கம்பத்துக்குக் கிழக்கே நில்லுங்கள், அங்கேயிருந்து நன்றாகத் தெரியும், அந்தப் பக்கம் நம்ம ஆட்கள் இருப்பார்கள், டீக்கடை ரோட்டோரம்தான், விடிந்ததும் முதல் பஸ் பிடித்துவிடலாம் என்றான். ‘நம்ம ஆட்கள்’ என்றபோது மறுமுனையில் ஒரு நொடி சத்தம் இல்லை. பிறகு, “சரிங்கண்ணா, வர்றேன்” என்றார்.