ஒழுகும் யன்னல்

எங்களிடம் ஒரு பழைய பாய்வள்ளம் இருக்கிறது. 27 அடி நீளம், 1979-இல் கட்டியது. என்னை விட அதற்கு வயது கூட. கோடையில் மட்டும் ஒன்ராறியோ ஏரியில் ஓடும். "உங்களுக்கு ஏன் இந்த வேலை? ஒரு கொட்டேஜ் வாங்கலாமே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கொட்டேஜுக்குக் காசு காணாது என்பதுதான் உண்மை. பழைய வள்ளம் பழைய காரின் விலைக்கே கிடைக்கும். திருத்துகிற செலவை மட்டும் விற்கிறவர் சொல்லமாட்டார்.

போன ஓகஸ்டில் ஒரு நாள் இரவு நல்ல மழை. மகள் படுத்திருந்த இடத்துக்கு மேலே, யன்னல் ஓரமாகத் தண்ணீர் இறங்கி, தலையணை, போர்வை, அவள் வாசித்துக்கொண்டிருந்த புத்தகம் எல்லாம் நனைந்துவிட்டன. அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நான் சிலிக்கன் எடுத்து வெளிவிளிம்பில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "சரி செல்லம், இனி ஒழுகாது" என்று சொல்லியிருந்தேன். அவளுக்குப் பத்து வயது. அன்று அவள் அழவில்லை. "அப்பா, திருத்தியாச்சு எண்டு சொன்னீங்கள்" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தக் கோடை முடியும்வரை வள்ளத்தில் படுக்க வரவே இல்லை.

மென்பொருள் வேலையில் யாராவது இப்படிச் செய்தால் நானே ஏசுவேன். பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடாமல், அது தெரிகிற இடத்தில் ஒட்டுப் போடுகிற வேலை இது. ஆகவே, இந்த வசந்தத்தில் வள்ளம் இன்னும் கரையில் நிற்கும்போதே நாலு யன்னலையும் கழற்றி மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

இந்த யன்னல்கள் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். பல வருட வெயிலில் உள்ளுக்குள் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, மங்கிப்போயிருந்தன. கழற்றுவது ஒரு நாள் வேலை. துப்புரவாக்குவதற்கு இரண்டு சனிக்கிழமை போனது. காரணம், நான் பூசிய அதே சிலிக்கன். அது இருந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது, புதுச் சிலிக்கன்கூட. கடைசித் துணுக்குவரை சுரண்டி எடுக்க வேண்டும். பைபர்கிளாஸை அசிற்றோனால் துடைக்கலாம், ஆனால் அது அக்ரிலிக்கில் பட்டால் புதுத் துண்டும் வெடிக்கத் தொடங்கிவிடும். துளை போடும்போதும் சாதாரண துளையூசி பிடித்து இழுத்து உடைத்துவிடும். பிளாஸ்ரிக்குக்கென்று செய்தது வேண்டும். மெதுவாகத்தான் துளைக்க வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை அப்பாவும் வந்தார். "வீட்டில இருந்து என்ன செய்யிறது, நானும் வாறன்" என்று ஒரு மடக்குக் கதிரையும் தேத்தண்ணிப் போத்தலும் கொண்டு வந்து கீழே இருந்துவிட்டார். மகளும் வந்திருந்தாள், அப்பப்பா வருகிறார் என்பதற்காக.

முதல் யன்னலைச் சுற்றிப் பியூற்றைல் நாடா வைத்து, பலம் கொண்ட மட்டும் ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இறுக்காதை."

"இறுக்காட்டி ஒழுகும் அப்பா."

"இறுக்கினால்தான் ஒழுகும். பசை முழுக்கப் பிதுங்கி வெளியில வந்திட்டுது எண்டால், பிறகு தண்ணியை எது மறிக்கிறது?"

நான் அவரைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பதினேழு வருசம் நான் வேற என்ன செய்தனான்?"

அப்பா யன்னல் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். எனக்கு அது தெரியும், ஆனால் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் 'ஃபக்ரறி' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். அங்கே அவர் என்ன செய்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யன்னல் மாற்றுவது எப்படி என்று பத்துப் பதினைந்து யூரியூப் வீடியோ பார்த்தவன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மகள் கேட்டாள். அவர் சொன்னார்: இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் அலுமினியச் சட்டம், அதற்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்ன மணிகள், சுற்றிவர இதே கறுப்புப் பசை. ஓரிடத்தில் மயிரளவு இடைவெளி விட்டாலும் ஒரு நாள் கண்ணாடிக்குள் புகார் பிடிக்கும். "இரவு வேலை. நித்திரை தூங்கினாலும் கை பிழைவிடாது."

சித்திரை மாதக் குளிரில் நாடா கல்லாகியிருந்தது. அப்பா அந்தச் சுருளை வாங்கித் தன் ஜக்கெற்றுக்குள் வைத்துச் சூடாக்கித் தந்தார். ஆணித் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். ஒரு மீற்றர் நீள அக்ரிலிக், 50 பாகை வெப்ப வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீற்றர் நீளும். பைபர்கிளாஸ் அவ்வளவு நீளாது. அசைய இடம் இல்லாவிட்டால் ஆணியடியில் வெடிக்கும். அப்பாவுக்கு அந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. ஒரே நாளில் முறுக்காமல், நாலைந்து நாள் போய்ப் போய்க் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்கினோம்.

பிறகு சோதனை. மகள் டோர்ச்சும் சோக்கட்டியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே நின்று ஹோஸால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தேன். மேலிருந்து தொடங்கினால் எது எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க முடியாது. மூன்று யன்னல் காய்ந்தபடி இருந்தன. நாலாவது, அவள் படுக்கிற பக்கம், அதுவும் ஒழுகவில்லை. ஹோஸைக் கூரைக்கு உயர்த்தியதும் உள்ளேயிருந்து சத்தம்: "அப்பா, வருது!"

சோக்கட்டியால் அவள் போட்ட அடையாளத்தை வைத்துத் தேடினோம். கூரையில் உள்ள மரக் கைபிடியின் ஆணித் துளைதான் வழி. தண்ணீர் அங்கே புகுந்து, கூரைக்கும் உள்தட்டுக்கும் நடுவால் இறங்கி, யன்னலோரத்தில் எட்டிப் பார்த்திருக்கிறது. நான் இரண்டு தடவை சிலிக்கன் பூசியது ஒழுகாத இடத்தில்.

கைபிடியையும் கழற்றிப் பசை வைத்துப் பூட்டினோம். "இப்ப சரியா?" என்று மகள் கேட்டாள். வாயில் வந்த 'ஓம்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு, "தெரியாது. மழை வரட்டும், பார்ப்பம்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை படுக்க வருவதாகச் சொன்னாள். வந்தாள். சோக்கட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள்.