தகடூரில் கோட்டையைத் தேடினால்

சேலத்திலிருந்து வரும் பேருந்து தருமபுரியைத் தொடுவதற்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னால் அதியமான்கோட்டையில் நிற்கும். பெயரை நம்பி மதிலைத் தேடி இறங்குகிறவர் ஏமாந்துதான் போவார். தேய்பிறை அஷ்டமியாக இருந்தால், காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி விளக்கேற்றும் கூட்டத்தைப் பார்க்கலாம். அதியமான் கட்டிய கோயில் என்பார்கள். சென்னராயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்த்தால், மண்டபக் கூரையில் ராமாயண, பாரதக் காட்சிகள் மங்கிய வண்ணத்தில் தெரியும். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் சங்கப் பாட்டில் வரும் கோட்டை இவை அல்ல.

தகடூர் என்பது அதியமான்கள் ஆண்ட தருமபுரியின் பழைய பெயர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதை வென்று ‘தகடூர் எறிந்த’ என்ற அடைமொழியைப் பெற்றான். அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை. மற்ற நூல்களில் ஒட்டிக்கொண்டு தப்பிய பாடல்களே மிச்சம். அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லுக்குக் கள் படைப்பதை ஔவையார் நொந்து பாடினார். அந்தக் கல்லையும் காணோம். மாடு மீட்கப் போய்ச் செத்த சாதாரண வீரர்களின் கற்களோ இந்த வட்டாரம் முழுக்கக் கிடைக்கின்றன. பக்கத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்குக்கூடக் கல்லில் இடம் உண்டு.

அஞ்சியின் பெயர் கல்லில் கிடைத்தது வேறோர் ஊரில். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில், ஒரு குகைப் பாறையில் தமிழ் பிராமி எழுத்து 1981இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது செய்தி. பெயருக்கு முன்னால் ‘ஸதியபுதோ’ என்று ஒரு பட்டம். அந்த ஒரு சொல் பழைய வழக்கொன்றைத் தீர்த்துவைத்தது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்த நாடுகளை வரிசைப்படுத்துகிறார்: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை, பிறகு யவன அரசன் அந்தியோகன். சத்தியபுத்திரர் யார் என்று கேரளம், துளுநாடு, காஞ்சி எனப் பலரும் பல இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதியமான் குலம்தான் அது என்று ஜம்பை சொல்லிவிட்டது. மத்தியதரைக் கடல் வரை நாடு விரிந்திருந்த ஓர் அரசனோடு ஒரே பட்டியலில், கடலே இல்லாத தகடூர்க்காரர்கள்! அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை மட்டும் சொல்லிக்கொடுத்து இதை விட்டுவிடுகிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு.

தருமபுரி நகருக்குள் கோட்டை என்ற பெயரைச் சுமப்பது கோட்டைக் கோயில். நுளம்பர் காலத்து மல்லிகார்ஜுனர் கோயில் அது. அங்குள்ள தொங்கும் தூணின் அடியில் மெல்லிய காகிதத்தை நுழைத்தால் மறுபக்கம் வந்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லாரும் கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் கையளவுச் சிற்பங்களாக ராமாயணம் ஓடுகிறது. குனிந்து அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.