மெல்ல வந்து கிள்ளிப் போனவர் யார்?

கூட்டத்தில் பேசாமல் இருப்பவரைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறார்கள். அண்ணன் மகள் செல்போனில் 'அமாங் அஸ்' ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு மனசில் நின்றது இதுதான். விண்கப்பலில் வேலை பார்க்கிறவர்களுக்குள் ஆளைக் கொல்லும் வேஷக்காரர் ஒருவரோ இருவரோ கலந்திருக்கிறார்கள். பிணம் கண்ணில் பட்டதும் வேலை நின்று கூட்டம் கூடுகிறது. யார் எங்கே இருந்தார், யார் யாரைப் பார்த்தார் என்று வழக்கு நடக்கிறது, பிறகு வாக்கு. "அத்தை, பச்சை வாயே திறக்கல பாருங்க. அதுதான் சஸ்ஸு" என்கிறாள், சந்தேகப்பட வேண்டிய ஆள் என்ற பொருளில். மற்றவர்களும் அப்படியே நினைக்க, அந்தப் பச்சை நிற ஆள் விண்வெளியில் மிதந்து போகிறது. அது வேஷக்காரர் இல்லை என்று திரையில் எழுத்து ஓடுகிறது. பச்சைக்கு வேகமாகத் தட்டச்சு செய்ய வராமல் இருந்திருக்கலாம், அவர் ஊரில் சிக்னல் விட்டுவிட்டு வந்திருக்கலாம். வேஷக்காரரோ கூட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். பச்சை மேல் முதல் சந்தேகத்தைப் போட்டவரே அவர்தான்.

இந்த வகை விளையாட்டுக்கு மூலம் 'மாஃபியா'. 1986இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தாவிதோவ் உண்டாக்கியது. 1997இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதர் கதையாக மாற்றினார். 2018இல் இன்னர்ஸ்லாத் என்ற சிறிய நிறுவனம் அதே எண்ணத்தை விண்கப்பலில் ஏற்றியது. இரண்டு வருஷம் அதிகம் பேர் சீண்டாமல் கிடந்தது. 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது எங்கும் பரவியது. எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். விஷயம் தெரிந்த சிலர் ஒரு பக்கம், ஒன்றும் தெரியாத பலர் மறுபக்கம். சிலருக்கு ஒருவரையொருவர் தெரியும். பலருக்குப் பக்கத்தில் இருப்பவரையே தெரியாது.

எங்கள் ஊர் கல்லங்குறிச்சிப் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கலை செல்போன் இல்லாமலே தெரிந்திருந்தது. நாங்கள் ஆடியது 'மெல்ல வந்து கிள்ளிப் போ'. இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக உட்காரும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு தலைவி. அவள் தன் ஆட்களுக்கு மல்லிகை, தாமரை, கனகாம்பரம் என்று காதோடு காதாகப் பெயர் வைத்துவிட்டு, எதிர் வரிசைக்குப் போய் ஒருத்தியின் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு பூவைக் கூப்பிடுவாள். அந்தப் பூ ஓசைப்படாமல் எழுந்து வந்து, பொத்தப்பட்டவளின் கன்னத்திலோ நெற்றியிலோ மெல்லக் கிள்ளிவிட்டுத் திரும்பிப் போய் உட்காரும். இதற்குள் அந்தப் பூவின் வரிசை முழுக்கத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விரலால் மண்ணைக் கீறும். கண்ணைத் திறந்தவள் கிள்ளியது யார் என்று சொல்ல வேண்டும்.

பங்குனியில் கலியுக வரதராஜப் பெருமாளுக்கு ராமநவமித் திருவிழா வந்தால் ஆட்டம் களைகட்டிவிடும். எங்கள் பெருமாள் கல் கம்பமாக நின்று கும்பிடப்படுகிறவர். நெல்லும் கம்பும் கன்றுக்குட்டியும் காணிக்கையாகக் கொண்டு சனங்கள் வண்டி கட்டி வருவார்கள். வந்த குடும்பத்துப் பிள்ளைகள் எங்களுக்கு எதிர் வரிசை. தெருவுக்குள் ஆடும்போது யார் மூச்சு எப்படி, யார் கை எவ்வளவு சூடு என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். வெளியூர்ப் பிள்ளைகளிடம் அது செல்லாது. அப்போது எங்களுக்கு மீட்பு ஓர் அக்கா. எங்களைவிட நாலைந்து வயது மூத்தவள், எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள்.

அந்த அக்காவிடம் ஒரு முறை இருந்தது. கண்ணைப் பொத்தியிருக்கும்போதே அவள் வேலை தொடங்கிவிடும். கூப்பிட்டதற்கும் கிள்ளியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிற்று என்று எண்ணுவாள். வரிசையின் ஓரத்தில் இருப்பவள் வர நேரமாகும், நடுவில் இருப்பவள் சீக்கிரம் வந்துவிடுவாள். கொலுசைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தால் நடை எட்டி விழாது, அதனால் இன்னும் தாமதமாகும். கிள்ளிய விரலில் என்ன வாசனை, கிள்ளல் மேலிருந்து வந்ததா பக்கவாட்டில் வந்ததா, திரும்பிய காலடி எந்தப் பக்கம் தேய்ந்து போயிற்று, எல்லாம் கணக்கில் சேரும். கண்ணைத் திறந்ததும் நாங்களெல்லாம் எதிரே இருக்கும் முகங்களை உற்று உற்றுப் பார்ப்போம். அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். "மூஞ்சியப் பாக்காதீங்கடி, தரையப் பாருங்க" என்பாள்.

ஒரு திருவிழாவில் எதிர் வரிசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. குனிந்த தலையோடு தோள் குலுங்கியது, காது சிவந்துவிட்டது. எங்கள் அணி மொத்தமும் "அவதான், அவதான்" என்று அக்காவின் காதைக் கடித்தது. இரண்டு இடம் தள்ளி ஒருத்தி தலைகுனிந்து வெகு அமைதியாக மண்ணில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவளைத்தான் காட்டினாள். மற்றவர்களின் கோலம் பரந்து விழுந்திருந்தது, அவளுடையது அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவளுக்கு முன்னால் மண் கலைந்திருந்தது. சம்மணம் போட்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்ததில் பாவாடையின் மடிப்பு மாறியிருந்தது. பாதத்தில் புதுப் புழுதி. அந்தப் பெண் தலையை நிமிர்த்தி ஒப்புக்கொண்டாள். சிரித்த சின்னப் பெண், பயந்தால் தனக்குச் சிரிப்பு வரும் என்று பிறகு சொன்னாள்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியை நான் அதிகம் நம்பாதது அன்றிலிருந்துதான். உள்ளத்தில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்று வள்ளுவரும் குறிப்பறிதலில் சொல்கிறார். ஆனால் அது அரசனோடு பழகும் அமைச்சருக்குச் சொன்னது. பழகிய முகத்தில் சிறு மாற்றமும் பேசும். புது முகத்தில் நாம் படிப்பது பெரும்பாலும் நம் பயத்தைத்தான். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள், பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமை பற்றி அதுவரை நடந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் கணக்கிட்டார்கள். சோதனைகளில் பங்கேற்றவர்கள் 24,000 பேருக்கு மேல். பேசுகிறவரைப் பார்த்து உண்மையா பொய்யா என்று சொல்லச் சொன்னால், சராசரியாக 100க்கு 54 தடவைதான் சரியாகச் சொல்கிறார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும்.

அக்கா பார்க்கச் சொன்ன அந்தத் தரைக்கும் ஒரு கதை உண்டு. எங்கள் மண் வெளுப்பு. அடியில் சுண்ணாம்புப் பாறை, அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிற கல். நிலவியலாளர்கள் இந்தப் பாறை அடுக்குக்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல். அந்தக் கடலின் சிப்பிகள் கிரைஃபியா என்ற வகை; தடித்த வளைந்த ஓட்டோடு அடுக்கடுக்காகச் சுரங்கத்தில் கிடக்கின்றன. பலவற்றின் ஓட்டில் சின்னச் சின்னத் துளைகள். சிறுவயதில் மழைத்துளி விழுந்து விழுந்து ஏற்பட்ட ஓட்டை என்றே சொல்லிக்கொள்வோம்.

அந்தத் துளைகளில் பல, கடற்பஞ்சு போட்டவை. கையில்லாத, பல்லில்லாத பிராணி. ஓட்டை நுண்ணுண்ணிய சில்லுகளாகக் கரைத்துப் பெயர்த்தெடுத்து, உள்ளே அறை அறையாகக் குடைந்து குடியிருக்கும். இன்றைய கடல்களிலும் கிளையோனா என்ற பஞ்சு சிப்பிகளுக்கு இதையே செய்கிறது. வெளியே பார்த்தால் ஊசிக்கண் அளவு வாசல், உள்ளே பெரிய வீடு. பஞ்சின் மென்னுடல் அழிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. அறையின் வடிவத்தை வைத்துத்தான் ஆளைச் சொல்கிறார்கள். புழு குடைந்தால் வேறு மாதிரி வளை, நத்தை துளைத்தால் ஒற்றை வட்டம். தடத்துக்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: பஞ்சு போட்டது என்டோபியா.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, குற்றம் நடந்த நேரத்தையும் ஓடு சொல்லிவிடுகிறது என்பது. துளை ஓட்டின் உட்சுவரை எட்டினால், உயிருள்ள சிப்பி உள்பக்கமாகப் புதிய ஓட்டுப்பூச்சு பூசி அடைத்துவிடும். அப்படி ஒட்டுப் போட்டிருந்தால் பஞ்சு வந்தபோது சிப்பி உயிரோடு இருந்தது. துளை உட்சுவரைத் தாண்டியும் ஒட்டு இல்லை என்றால், காலியாகக் கிடந்த வீட்டில்தான் பஞ்சு குடியேறியிருக்க வேண்டும். அந்தச் சாவுக்குப் பஞ்சைக் குற்றம் சொல்ல முடியாது. 7 கோடி ஆண்டுக்குப் பிறகும் ஒரு பஞ்சுக்கு இவ்வளவு பொறுமையாக நியாயம் பார்க்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். உள்ளே இருந்து குடைகிறவர்களைப் பற்றித் திருக்குறளிலும் ஓர் அதிகாரம் உண்டு: 89ஆவது, உட்பகை. உறவுபோல் கலந்திருக்கும் பகைவரை வாளேந்திய பகைவரைவிட அதிகமாக அஞ்சச் சொல்கிறது. ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே, 51ஆவதான தெரிந்துதெளிதலில், ஒருவரை உரைத்துப் பார்க்கும் கல் அவர் செய்த செயல்தான் என்று வள்ளுவர் சொல்லி முடித்துவிட்டார். முதலில் படிக்க வேண்டியது 51.

கூட்டத்துக்கு இந்தப் பொறுமை வருவதில்லை. 'அமாங் அஸ்' பரவிய அதே 2020இல், அக்டோபர் மாதம், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரியபோது பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் ஒரே நாளில் தீர்ப்பாகிவிட்டது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட் போன்ற பழைய கடலுயிர் எச்சங்களோடு திரண்ட கல்லுருண்டைகள் என்றார்கள். கல்லுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

மனிதருக்கு அப்படி இல்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவும் வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கும்பிடக் காரில் கிளம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர்ப் பக்கம் வழி கேட்க நின்றது. அவர்களோடு இருந்த மூதாட்டி அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். ஊர் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார், கூட வந்தவர்கள் பலத்த காயப்பட்டார்கள். பேரப்பிள்ளை வயதுக் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் ஊரில் எந்தப் பாட்டியும் செய்கிற காரியம். கூட்டத்துக்கு அன்று அதுவே சாட்சியமாகப் போதுமானதாக இருந்தது. கையில் வேறு ஒரு தடமும் இல்லை.

பெரிய புராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதையை நான் அந்த மே மாதத்தில்தான் மறுபடி எடுத்துப் படித்தேன். திருக்கோவலூர் அரசரான அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், மேனி முழுக்கத் திருநீறு பூசி, சடைமுடி கட்டி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து, அரண்மனைக்கு வருகிறான். சிவனடியார் என்று நினைத்து வாயில்கள் எல்லாம் வழிவிடுகின்றன. பள்ளியறை வாயிலில் நிற்கும் தத்தன் ஒருவன்தான் தடுக்கிறான்: அரசர் தூங்குகிறார், நேரமறிந்து போக வேண்டும். முத்தநாதன் கேட்கவில்லை. எங்கும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுகிறான். அரசர் எழுந்து, அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தான் கீழே அமர்கிறார். சுவடிக்கட்டு அவிழ்கிறது, கத்தி வெளியே வருகிறது. நினைத்ததைச் செய்து முடித்துவிடுகிறான்.

முத்தநாதன் மேலேயே கண்ணாக இருந்த தத்தன் வாளோடு பாய்கிறான். விழுந்துகொண்டிருக்கும் அரசர் கையால் தடுத்து, இவர் நம்மவர் என்கிறார். இவரை ஒருவரும் தொடாதபடி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடு என்று கட்டளையிடுகிறார். சேதி கேட்டு ஊரே திரண்டு வழியை மறிக்கிறது. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த கொலைகாரன், கையும் களவுமாகப் பிடிபட்டவன். தத்தன் தன் அரசரின் வார்த்தையைச் சொல்லி, கொதிக்கிற கூட்டத்தை விலக்கி விலக்கி அவனை அழைத்துக்கொண்டு போகிறான். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விட்டுத் திரும்பி வந்து, தடையில்லாமல் போய்ச் சேர்ந்தான் என்று சொல்கிறான். அதைக் கேட்கும்வரை அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சேக்கிழார் பக்திக்காகச் சொன்ன கதை இது. திருநீற்றின் பெருமை அவருக்கு முக்கியம். எனக்கோ அந்தத் தெரு முக்கியமாகப் படுகிறது. குற்றம் ஐயமில்லாமல் தெரிந்த பிறகும் ஒரு காவல்காரன் கூட்டத்தின் கைக்கு ஆளைக் கொடுக்காமல் நடந்துபோன தெரு. குற்றமே செய்யாத ஒரு மூதாட்டிக்கு அத்திமூரில் ஒரு தத்தன் கிடைக்கவில்லை.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது வாக்குப் போடும் முன், யார் எந்த அறையில் எந்த வேலையை முடித்தார் என்று தாளில் குறித்துக்கொள்கிறாள். நீங்கள் செல்போன் ஆட்டம் ஆடாதவராக இருக்கலாம். ஆனால் பிள்ளை பிடிப்பவர் படம் என்று ஏதாவது உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வரும். அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஊருக்குள் வந்த புது ஆள் மேல் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் 112க்குப் பேசுங்கள், குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் 1098. காவலர்கள் வந்து சேரும்வரை அந்த ஆளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே போய் நில்லுங்கள்.