மலைப்பூண்டும் மறைவல்லுநரும்

கொடைக்கானலுக்கு ஏறும் பாதையில், ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்னதாகச் செண்பகனூர் வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது அருங்காட்சியகம் உள்ள இடம், அவ்வளவே. ஆனால் 1895-இல் இயேசு சபையினர் அங்கே நிறுவிய திரு இருதயக் கல்லூரி, பல தலைமுறைத் துறவியர்க்கு மெய்யியல் கற்பித்த இல்லம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? புனித தோமா அக்குவினாசின் சிந்தனையே குருமாணவர் கல்விக்கு அடித்தளமாக வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1879-இல் சுற்றுமடல் விடுத்தார். அதற்குப் பதினாறே ஆண்டுகள் கழித்து எழுந்தது இக்கல்லூரி. 13-ஆம் நூற்றாண்டில் பாரிசிலும் நேப்பிள்சிலும் விவாதிக்கப்பட்ட கருத்துகள், பழனிமலையின் பனிமூட்டத்துக்கிடையே இலத்தீனில் மனப்பாடம் செய்யப்பட்டன. அம்மெய்யியல் கல்லூரி பின்னாளில் சென்னைக்கு இடம்பெயர்ந்தது.

கற்றவர்கள் மலையிறங்கி ஊர் ஊராகப் பணியாற்றினார்கள். கற்ற மெய்யியல் மட்டும் பொதுநிலையினர் வரை வந்து சேரவில்லை. 1990-களில் என் போன்றோர் குருமடத்தில் பயின்றபோது இலத்தீன் போய் ஆங்கிலம் வந்திருந்தது. மக்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘அதெல்லாம் சாமியார்கள் படிக்கிற படிப்பு’ என்னும் எண்ணம் இன்றும் மாறவில்லை. இழப்பு யாருக்கு? மகன் கல்லூரியிலிருந்து வந்து ‘கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்கும்போது வாயடைத்து நிற்கும் பெற்றோருக்கே.

தமிழில் இம்முயற்சி நடவாமல் இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, தாம் கற்ற இடைக்கால மெய்யியலைத் தமிழ் உரைநடையில் வடித்தார். ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிருணயம்’ ஆகிய நூல்களை இன்று எடுத்தால் வடசொற்கள் நம்மைத் திணறடிக்கும். அவர் பண்டிதர்க்காக எழுதினார். நாம் பண்டிதர் அல்லர். ஆயினும், ஒரு கருத்தை வேற்று மண்ணில் ஊன்றுமுன் அம்மண்ணில் ஏற்கெனவே வேரோடிய கருத்தை அறிய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் கூறும். இதை அறிந்த தமிழரிடம், ‘இறைவன் உலகைப் படைத்தார்’ என்று மட்டும் சொன்னால், ‘எந்த மண்ணிலிருந்து?’ என்பதுதான் அடுத்த கேள்வி. மண்ணே இல்லாத படைப்பு என்று விளங்க வைப்பதற்குத்தான் மெய்யியல் தேவைப்படுகிறது.

எங்கள் மேல்மலைப் பங்கில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பத்துப் பன்னிருவர் கூடி அக்குவினாசைப் படித்து வருகிறோம். பெரும்பாலோர் பூண்டு, உருளைக்கிழங்கு பயிரிடுவோர். ஆற்றல்நிலை, செயல்நிலை என்ற பாடநூல் சொற்களை நான் கூறியபோது ஒருவர் முகத்திலும் ஒளியில்லை. அடுத்த வாரம் ஒரு விதைப்பூண்டுப் பல்லையும் ஒரு கூழாங்கல்லையும் மேசைமேல் வைத்தேன். இரண்டிலும் இலை இல்லை. அப்படியானால் இரண்டும் ஒன்றா? “இதுல முளைப்பு இருக்கு சாமி, அதுல இல்ல,” என்றார் ஒரு பெரியவர். அரிஸ்டாட்டிலும் அக்குவினாசும் சொல்ல வந்தது அதுதான். எள்ளில் எண்ணெய் போலக் காரியம் காரணத்துள் முன்பே உள்ளது என்பர் சற்காரியவாதிகள். முன்பு இல்லாதது புதிதாகத் தோன்றுகிறது என்பர் நியாய நூலார். செடி பல்லில் இருக்கிறதென்றும் சொல்ல முடியாது, முற்றிலும் இல்லையென்றும் சொல்ல முடியாது. ஆகும் தன்மையாக இருக்கிறது என்பது அக்குவினாசின் விடை. தமிழ் மண்ணின் பழைய வழக்கு ஒன்றில் மூன்றாம் தரப்பாக அவர் வந்து அமர்வதைக் காணும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இறைவனுக்கான அவருடைய வழிகளையும் அப்படித்தான் அணுகினோம். பலர் அவற்றைத் தந்தை, பாட்டன், பூட்டன் என்று பின்னோக்கிச் செல்லும் வரிசையாக எண்ணுகின்றனர். அது தவறு. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் மட்டும் நிறுவ இயலாது, அது நம்பிக்கையால் அறிவது என்றே அக்குவினாஸ் கருதினார். அவர் பேசுவது இக்கணத்தின் சார்பைப் பற்றி. அடுப்புப் புகையில் தொங்கும் பூண்டுக் கட்டைக் கயிறு தாங்குகிறது. கயிற்றை உத்தரம், உத்தரத்தைச் சுவர், சுவரை மலை. கயிறுகள் எத்தனை ஆயிரம் ஆனாலும், தன்னால் நிற்பது ஒன்று இல்லையேல் கட்டு இப்போதே விழும்.

இலத்தீனைவிடத் தமிழ் எளிதாக இடம் கொடுக்கும் ஒரு கருத்தும் உண்டு. ஒரு பொருள் இன்னது என்பது வேறு, அது உண்டு என்பது வேறு என்று அக்குவினாஸ் பிரித்தார். இலத்தீனில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். தமிழிலோ ‘இது குறிஞ்சி’ என்பதில் வினையே இல்லை. ‘குறிஞ்சி பூத்திருக்கிறது’ என்பது வேறு வாக்கியம். 2018-இல் எங்கள் மலை நீலமாயிற்று. அடுத்த பெரும் பூப்பு 2030-இல். இடையில் பிறந்த குழந்தைக்குக் குறிஞ்சிப் பூ எப்படிப்பட்டது என்று தெரியும். இன்று மலையில் அது இருக்கிறதா என்பது அந்த அறிவுக்குள் அடங்காது. அக்குவினாஸ் இதற்குப் பீனிக்ஸ் பறவையை எடுத்துக்காட்டினார். எந்தப் படைப்பும் தன் இயல்பினாலேயே இருப்பதில்லை, இருப்பைப் பெற்றுக்கொள்கிறது. இருப்பே இயல்பாகக் கொண்டவர் ஒருவரே. விடுதலைப் பயண நூலில் (3:14) மோசேக்கு வெளிப்படுத்தப்பட்ட பெயரை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள்.

செண்பகனூரின் ஆசிரியர்கள் மலையின் செடிகளையும் பூச்சிகளையும் திரட்டினார்கள். அருள்தந்தை ஆங்லாட் பழனிமலையின் கற்திட்டைகளை ஆய்ந்து இணையாசிரியராக எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. இதில் வியப்பில்லை. அக்குவினாசின் ஆசிரியரான புனித பெரிய ஆல்பர்ட் தாவரங்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர். அறிவு புலன்களில் தொடங்குகிறது என்பது அப்பள்ளியின் கொள்கை. பூண்டுப் பல்லைக் கொண்டு விளக்கினால் தரம் தாழ்ந்துவிடும் என்று கருதும் உடன்பணியாளர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மெய்யியல் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. எங்கள் குழுவுக்கு வரும் ஒரு தாய், மலைப்பாதை விபத்தில் மகனை இழந்தவர். தீமை பற்றிய பகுதியை எடுத்த அன்று அவர் கேட்டார்: “சாமி, எல்லாத்தையும் படைச்சவரு அவருதானே? அப்ப இதையும் அவருதான் படைச்சாரா?”

தீமை ஒரு பொருள் அன்று, இருக்க வேண்டிய நன்மையின் இன்மை என்று புனித அகுஸ்தீனாரைப் பின்பற்றி அக்குவினாஸ் கற்பிக்கிறார். பார்வையின்மை கண்ணில்தான் குறை. கல்லை யாரும் குருடு என்பதில்லை. துயருற்றோர் முன் இதைச் சொன்னால், ‘உன் வலி வெறும் ஒன்றுமில்லாமை’ என்று ஒலிக்கக்கூடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. கண்ணையும் கல்லையும் மட்டும் சொல்லி நிறுத்தினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. “கல்லுக்குக் கண்ணு இல்லேன்னு யாரும் அழறதில்ல சாமி,” என்றார். பிறகு, முப்பதாம் நாள் திருப்பலியைக் காலையில் வைத்தால் கீழ்மலை உறவினர் வந்து சேர முடியாது, மாலையில் வைக்கலாமா என்று கேட்டார். ஐந்தரைக்கு என்று குறித்துக்கொண்டேன்.