கோல் கீப்பர் தங்கராஜ்

சென்ற ஆகஸ்டில் பள்ளிகளுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டியில் நாங்கள் ஒரே ஒரு கோலில் தோற்றோம். பந்து எங்கள் கோல் கீப்பரின் கைக்கு வந்து நழுவிப் போயிற்று. மூலக்கொத்தளத்துக்கு நடந்தே திரும்பினோம். பேசின் பிரிட்ஜ் அருகே அவள் அழுததைப் பார்த்தும் எங்களில் ஒருத்திகூடப் பேசவில்லை. மறுநாள் முதல் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அரசுத் தேர்வுக்குப் படிக்க வேண்டுமாம்!

ஞாயிறு பூசை முடிந்து அவள் வீட்டிற்குப் போனோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் தாத்தா, "உட்காருங்கம்மா. பீட்டர் தங்கராஜைத் தெரியுமா?" என்றார். தெரியாமல் விழித்தோம்.

ஹைதராபாத்தில் பிறந்த தமிழர் அவர். முதலில் கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர். பிறகுதான் கோல் கீப்பர் ஆனார். ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது அவர் காலத்தில்தான். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்றார். இந்தியா நான்காம் இடம் பெற்றது. அந்த ஊர்க்காரர்களின் கால்பந்தே வேறு. முட்டை வடிவப் பந்து, கையாலும் குத்தலாம். அதையும் அந்த ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டினார்கள். அதில் கோல் கீப்பரே கிடையாது என்று தாத்தா சொன்னதும், உள்ளறையிலிருந்து எங்கள் தோழியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தங்கராஜ் காய்ச்சலில் படுத்துவிட, பிரத்யோத் பர்மன் கோலில் நின்றார். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே தென் கொரியா! பயிற்சியாளர் ரஹீம் தங்கராஜைத் திரும்ப அழைத்தார். மைதானம் முழுவதும் இந்தியாவுக்கு எதிரான கூச்சல். பி.கே. பானர்ஜியும் ஜர்னெயில் சிங்கும் கோல் அடித்தார்கள். தங்கராஜும் ஒரு கோல் விட்டார். ஆனாலும் 2-1, தங்கப் பதக்கம். 1967-இல் அர்ஜுனா விருது பெற்ற அவர், 2008-இல் பொக்காரோவில் காலமானார்.

"அவரும் விட்டாரா?" என்று கேட்டபடி அவள் வெளியே வந்தாள். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் வேண்டாம். நாளைக்கு நீங்கள் கோலில் நில்லுங்கள், நான் அடிக்கிறேன்" என்றாள்.

திங்கள் மாலை முறைவைத்து நின்றோம். ஆறு பந்துகளில் நான்கு உள்ளே போயின. இருட்டும்வரை அவள் அடிப்பதை நிறுத்தவில்லை.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி