வீங்கின கோதுகள்

எங்கட வீட்டுக் குசினி யன்னலில ஒரு பழைய பால்மாப் பேணி இருக்குது. அதுக்குள்ள வெற்றுக்கோதுகள். 2010இல மீளக்குடியேறி வந்து கக்கூசுக்குக் கிடங்கு வெட்டேக்க வந்ததுகள். ஆனையிறவுப் பக்கம் மண்ணைக் கிண்டினால் என்ன வரும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1991 ஜூலை, ஆகஸ்ட் சண்டை, 2000 ஏப்ரலில முகாம் விழுந்தது, 2009 ஜனவரியில திரும்பவும் கைமாறினது எண்டு ஒவ்வொரு முறையும் மண்ணுக்குள்ள ஒரு படை கோது விழுந்திருக்குது.

போன ஆவணியில பெரியம்மாவின்ர மகன் கனடாவில இருந்து வந்தவர். அண்ணாவுக்கு அங்க ஒரு பொழுதுபோக்கு, கிளப்பில போய்க் குறிபார்த்துச் சுடுறது. 2022 ஒக்டோபரில இருந்து அங்க கைத்துப்பாக்கி வாங்க விற்க ஏலாது. அவர் அதுக்கு முதலே ஒரு 9 மில்லிமீற்றர் வாங்கி வைச்சவராம். சுட்ட கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, திரும்ப மருந்தும் சன்னமும் போட்டுப் பாவிக்கிறவர். எனக்கு அது கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. கோது எண்டால் எனக்குப் பயம், அவருக்கு அது கழுவிப் பாவிக்கிற சாமான்.

ஆனால் அவர் பேணியைக் கொட்டி ஒவ்வொண்டாகப் பார்க்கத் தொடங்கினதும் நானும் பக்கத்தில இருந்திட்டன்.

“வெடிக்கேக்க பித்தளை வீங்கித் துவக்கின்ர குழலோட ஒட்டும் தங்கச்சி. பிறகு கொஞ்சம் சுருங்கும், முழுசாச் சுருங்காது. அதாலதான் சுட்ட கோது எப்பவும் புதுசை விடப் பெருசு.” திரும்பப் பாவிக்க வேணும் எண்டால் அதை ஒரு உருக்கு அச்சுக்குள்ள அமத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேணும். பிரச்சினை அங்கதான் தொடங்கும். அச்சு கோதின்ர அடிவரைக்கும் போகாது, பிடிச்சு வைச்சிருக்கிற தட்டு மறிக்கும். அடியில ஒரு வீக்கம் மிஞ்சினால் தோட்டா குழலுக்குள்ள முழுசா இறங்காது, துவக்கு மூடாது. வாயில நெளிவு இருந்தால் பயமில்லை, அச்சுக்குள்ள போக நிமிரும். நீட்டுக்கு வெடிப்பு இருந்தால் எறியத்தான் வேணும். திரும்பத் திரும்ப வீங்கிச் சுருங்கிப் பித்தளை இறுகிப்போறதால வாற வெடிப்பு அது. நாலைஞ்சு கோதைக் கையுக்குள்ள போட்டுக் குலுக்கினால் வெடிச்சது மந்தமாச் சத்தம் போடுமாம். சந்தையில அம்மா மண்சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்கிற மாதிரி.

“சில நேரம் வெறுங்கோது அளவுக்குச் சரியா இறங்கும். சன்னத்தை வைச்ச பிறகு இறங்காது. அப்ப பிழை அச்சில இல்லை. சன்னம் சரிஞ்சு இருந்திருக்கும், இல்லாட்டி வாயை இறுக்கேக்க கூட அமத்தியிருப்பம், கழுத்தடி பிதுங்கியிருக்கும். ஒவ்வொரு படி முடியவும் அளவுக் குழலுக்குள்ள போட்டுப் பார்த்தால்தான் எந்தப் படியில பிழைச்சது எண்டு பிடிக்கலாம். இறங்காததைத் தள்ளி மட்டும் இறக்கக்கூடாது.”

பேணிக்குள்ள ஒண்டே ஒண்டுதான் 9 மில்லிமீற்றர். என்ர அடிமட்டத்தை வைச்சு அளந்தார், நீளம் 19. போன் லைற்றை அதுக்குள்ள அடிச்சுக் காட்டினார். அடியில ரெண்டு சின்ன ஓட்டை. இராணுவக் கோதுகள் கனக்க இப்பிடித்தானாம். நடுவில ஒரே ஓட்டை எண்டால் ஊசியால குத்திப் பழைய பிறைமரைத் தள்ளலாம், இதில ஏலாது. அதோட இது வேற விதத்திலயும் கெட்டுப்போச்சு. பித்தளையில பத்தில ஏழு பங்கு செம்பு, மூண்டு பங்கு நாகம். எங்கட உப்புத் தண்ணி நாகத்தைத் தின்னும். மிச்சமிருக்கிற செம்பு ரோஸ் நிறத்தில பொருக்காகி, நகத்தால அமத்த பிஸ்கட் மாதிரி உடையும். அண்ணா உடைச்சுக் காட்டினார்.

பிறகு நான் தேடி வாசிச்சதில ஒரு கதை பிடிச்சுது. இந்தியாவில வெள்ளைக்காரன்ர படை, மழைக்காலம் முடியுமட்டும் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில வைச்சிருந்ததாம். எடுத்துப் பார்த்தால் சுடாத கோதுகளே வெடிச்சுக் கிடந்திருக்குது. குதிரை மூத்திரத்தில இருந்து வந்த அமோனியாதான் காரணம் எண்டு 1921இலதான் ஆராய்ந்து எழுதினவை. கோதை இழுத்து வடிவாக்கேக்க பித்தளைக்குள்ள ஒரு இழுவிசை தங்கிப்போகும். அமோனியா பட்டதும் அந்த இடத்தில பிளக்கும். வெளியில பார்க்க வடிவு சரியாத்தான் இருந்திருக்கும்.

இதை அம்மாவுக்குச் சொல்ல, அவ சிரிக்கேல்ல.

அம்மா ஏழு வருசம் முகமாலையில கண்ணிவெடி அகற்றினவ. அங்க பாகிஸ்தான் பீ-4 மிதிவெடிகள் கனக்க. முழுக்கப் பிளாஸ்ரிக், உள்ள துளி உலோகம்தான். அதைப் பிடிக்க வேணும் எண்டு கருவியை நுணுக்கமா வைச்சால் ஒவ்வொரு கோதும் கத்தும். கத்தின ஒவ்வொரு இடத்திலயும், மிதிவெடிதான் எண்டு நினைச்சு முழங்காலில இருந்து, தள்ளி ஓரத்தில தொடங்கி மண்ணைச் சுரண்டி வரவேணும். கடைசியில வாறது கோது. ஒரு நாளில அப்பிடி எத்தினை எண்டு கேட்டால் அம்மா எண்ணுறேல்லை எண்டுவா.

எனக்கு ஒன்பது வயசில நாங்கள் பொடியள் எல்லாரும் கோது பொறுக்கினனாங்கள். பழைய இரும்புக்காரர் இரும்பை விடப் பித்தளைக்குக் கூடக் காசு தருவார். எங்களுக்கும் வடிவு பார்க்கிற சட்டம் ஒண்டு இருந்தது: வாய் திறந்திருந்தால் வெறுங்கோது, எடுக்கலாம். என்னோட படிச்ச ஒருத்தன் எடுத்தது நெளிஞ்சு, வாயில மண் அடைஞ்சு இருந்தது. நிமித்திறதுக்குக் கல்லால தட்டினான். அது கோதே இல்லை. ரெண்டு விரல் போச்சு. இண்டைக்கும் அவன் பேனையைப் பெருவிரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவில பிடிச்சுத்தான் எழுதுறவன். அந்தப் பின்னேரம் நானும் அங்க நிண்டனான். அதை முதலில கண்டது நான். குனியப் பஞ்சியில விட்டிட்டன்.

அண்ணாவுக்கு இதை அண்டைக்குத்தான் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் சொன்ன சட்டம் எல்லாம் சரிதான். ஆனால் அது தான் சுட்ட கோதுக்கு, தன்ர மேசையில, கையில எடுத்துப் பார்க்கிறதுக்கு. எங்கட மண்ணில கிடக்கிறதை வடிவு பார்க்க எண்டே தொடக்கூடாது. கண்டால் தள்ளி நிண்டு ஆக்களுக்குச் சொல்லவேணும்.

போகேக்க நினைவுக்கு ஒண்டு கொண்டுபோகலாமோ எண்டு அந்தக் குட்டிக் கோதைக் கையில வைச்சுக்கொண்டு கேட்டார்.

“எயார்போட்டில பிடிச்சு வைச்சு என்னெண்டு கேட்டால் என்ன சொல்லுவாய் தம்பி?” எண்டா அம்மா. “பேணிக்குள்ள போட்டிட்டுக் கையைக் கழுவிப்போட்டு வா. புட்டு ஆறுது.”