சுமக்கும் தோள்கள்



இந்த வாரம் என் சொந்தக் குறை ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருவக்கரைப் பகுதியில் ஊழியம் செய்துவந்தேன். அங்கே என் சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவர், ஈஸ்டருக்குப் பின் நடக்கும் திருவிழாவிற்காக வில்லியனூர் லூர்து மாதா ஆலயத்திற்கு நடந்தே சென்றுவந்தார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய கணவர் கல் குவாரித் தொழிலாளி; நுரையீரலில் தூசி படிந்து, மூச்சுத் திணறிப் படுக்கையில் கிடந்தார்.

அடுத்த ஞாயிறு யோவான் 4ஆம் அதிகாரத்தைப் பிரசங்கித்தேன். பிதாவைத் தொழுதுகொள்ள இன்ன மலை, இன்ன நகரம் என்ற கட்டாயம் இல்லை என்றேன். பெயர் சொல்லவில்லை, ஆயினும் யாரைக் குறித்துப் பேசினேன் என்பது எல்லோருக்கும் விளங்கியது. உபதேசத்தில் பிழையில்லை. ஆனால் அதன்பின் அந்தச் சகோதரி ஆராதனைக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் வீட்டிற்குச் சென்றேன். அவர் கோபப்படாமல் சொன்னார்: “ஐயா, நான் சிலையைத் தேடிப் போகவில்லை. எங்கள் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தார், ‘தனியாக அழாதே அக்கா, எங்களோடு வா’ என்று அழைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர் இவரைப் பார்த்துக்கொள்ள இங்கே தங்கினார். இரவெல்லாம் பேசிக்கொண்டே நடந்தோம். இவர் படுத்து ஐந்து மாதம் ஆகிறது. நம் சபையிலிருந்து ஒருவரும் வந்து அரைமணி நேரம் உட்காரவில்லை.”

நான் இரண்டு முறை போயிருந்தேன். இரண்டு முறையும் ஐந்து நிமிடம் ஜெபித்துவிட்டு எழுந்துவந்தவன். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

வில்லியனூர் ஆலயத்திற்குப் பெயர் தந்த லூர்து, பிரான்சில் பிரனே மலையடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூர். 1858 பிப்ரவரி 11 அன்று, பெர்னதெத் என்னும் 14 வயதுச் சிறுமி அங்குள்ள ஒரு குகையில் மாதாவின் காட்சியைக் கண்டதாகச் சொன்னாள். பிழைப்பிழந்த மாவு ஆலைக்காரரின் மகள். கைவிடப்பட்ட பழைய சிறை அறையொன்றில் அக்குடும்பம் குடியிருந்தது. சில நாட்களில் அவள் சேற்றைக் கையால் தோண்டிய இடத்தில் ஊற்று கண்டது. அந்த ஊற்றை நாடி உலகமெங்கும் இருந்து நோயாளிகள் வருகிறார்கள். 1877இல் பிரான்சிலிருந்து வில்லியனூருக்கு மாதாவின் சொரூபம் வந்து சேர்ந்தது.

காட்சிகளைக் குறித்தும் சொரூபங்களைக் குறித்தும் நம் சபையின் உபதேசம் வேறு. அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் லூர்தைப் பற்றி வாசித்தபோது ஒன்று என்னைக் குத்தியது. கோடிக்கணக்கானோர் வந்துபோன அவ்வூரில், அற்புத சுகம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 2018 வரை ஏற்றுக்கொண்டவை 70 மட்டுமே. ஊற்றைத் தோண்டிய பெர்னதெத்துக்கும் சுகமில்லை. ஆஸ்துமாவினாலும் எலும்புக் காசநோயாலும் வருந்தி 1879இல், 35ஆம் வயதில் மரித்தாள். அப்படியிருந்தும் நோயாளிகள் வருவது நிற்கவில்லை. அங்கே முதலிடம் அவர்களுக்கே. தொண்டர்கள் தம் சொந்தச் செலவில் வந்து, அவர்களுடைய சக்கர நாற்காலிகளைத் தள்ளிச் செல்கிறார்கள்.

திருவக்கரையின் கல்மரப் பூங்காவைப் பார்த்திருக்கிறீர்களா? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் புதைந்த மரங்கள் அவை. நீரில் கரைந்திருந்த தாதுக்கள் அணு அணுவாய் உள்ளே படிந்து கல்லாக்கிவிட்டன. வளையங்கள் அப்படியே தெரிகின்றன. கணுக்களும்கூடத் தோன்றுகின்றன. உயிர் மட்டும் இல்லை. அன்று அந்த வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அவற்றின் முன் வெகுநேரம் நின்றேன். நானும் ஒரே நாளில் கல்லாகவில்லை என்று உணர்ந்தேன்.

அடுத்த ஞாயிறு அதே பிரசங்க பீடத்தில் நின்று சபையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். வாலிபர்கள் முறைவைத்து அந்த வீட்டில் இரவு தங்கினார்கள். சகோதரர் சுகமடையவில்லை, மழைக்காலத்திற்கு முன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய பெட்டியை நம் பிள்ளைகளும் அந்தக் கத்தோலிக்க அயலாரும் சேர்ந்து சுமந்தார்கள்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆண்டவர் சுமந்தவர்களின் விசுவாசத்தையும் கண்டார். பிரியமானவர்களே, உங்கள் தெருவில் படுக்கையிலிருக்கும் ஒருவர் யார்? இந்த வாரம் அவரிடம் செல்லுங்கள். ஜெபித்தவுடன் எழுந்துவிடாதீர்கள், சற்று உட்காருங்கள்.

ஜெபம்: அன்பின் பிதாவே, சரியான உபதேசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாகிப்போன எங்களை மன்னியும். பிறர் பாரத்தைச் சுமக்கும் தோள்களைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.